லங்கோத்லன் கால்வாய்: தங்குதுறைகளும் அவற்றைச் சூழ்ந்த இடங்களும்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், நான்ட்விச் நகருக்கு அருகே ஹர்ல்ஸ்டன் என்னுமிடத்தில் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயிலிருந்து பிரிந்து, ஷ்ராப்ஷயரின் மேய்ச்சல் நிலங்களையும் ஏரிகளையும் கடந்து, வேல்ஸ் நாட்டின் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஓர் அணையருகே முடியும் ஏறத்தாழ 46 மைல் (74 கிலோமீட்டர்) நீளமுள்ள நீர்வழி லங்கோத்லன் கால்வாய் எனப்படுகிறது. பிரிட்டனில் விடுமுறைப் படகோட்டிகள் மிகுதியாக நாடிவரும் கால்வாய்களுள் இதுவும் ஒன்றாகையால், கோடையில் இங்கு வருவோர் பகலில் எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் இரவில் படகை எங்கே கட்டுவது என்பதையே முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கரை நெடுகிலும் இடம் இருப்பதுபோல் தோன்றினாலும், எல்லா இடமும் படகு நிற்கத் தக்கதன்று; ஏன் அவ்வாறு என்பதற்கு விடை, இக்கால்வாய் வெட்டப்பட்ட வரலாற்றிலேயே இருக்கிறது.

வாய்க்காலாகவும் வழியாகவும்

1793-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் உருப்பெற்ற எல்ஸ்மியர் கால்வாய் நிறுவனம், மெர்சி, டீ, செவெர்ன் ஆகிய மூன்று ஆறுகளையும் இணைத்து, ரெக்ஸம் வட்டாரத்து நிலக்கரியையும் இரும்பையும் சந்தைக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டது. வில்லியம் ஜெசப் தலைமைப் பொறியாளராகவும், அதுவரை பெரும்பாலும் கட்டடப் பணிகளில் பெயர்பெற்றிருந்த தாமஸ் டெல்ஃபோர்டு அவரோடு இணைந்தும் பணியாற்றினர். செலவு கணக்கை மீறியதால், டிரெவருக்கு வடக்கே செஸ்டரை நோக்கிச் செல்லவேண்டிய முதன்மைத் தடம் திட்டப்படி வெட்டப்படவில்லை. தெற்கே ஷ்ரூஸ்பரியையும் அந்நிறுவனத்தின் கால்வாய் எட்டவில்லை. எஞ்சிய பகுதிக்கு நீர் வேண்டியிருந்தமையால், டீ ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டி, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே ஓர் ஊட்டுவாய்க்கால் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. 1808-இல் பயன்பாட்டுக்கு வந்த அவ்வாய்க்காலே இன்று டிரெவருக்கும் லங்கோத்லனுக்கும் இடையே படகுகள் செல்லும் பாதையாக இருக்கிறது. நீர் கொண்டுவருவதையே முதல் நோக்கமாகக் கொண்டு வெட்டப்பட்டதால், அது ஆழம் குறைந்ததாகவும் சில இடங்களில் ஒரு படகு மட்டுமே செல்லத்தக்க அகலமுள்ளதாகவும் அமைந்தது.

சரக்குப் போக்குவரத்து நலிந்த பின் இக்கால்வாயைக் காப்பாற்றியதும் நீரே. 1944-இல் நாடாளுமன்றச் சட்டமொன்றின் மூலம் இது படகுவழி என்ற தகுதியை இழந்தது; அடுத்த ஆண்டு, 1945 செப்டம்பர் 7 விடியலில், லங்கோத்லனுக்குக் கிழக்கே சன் பேங்க் என்னுமிடத்தில் கரை உடைந்து, கீழே சென்ற இருப்புப்பாதையின் அடிமண்ணை அரித்துச் செல்ல, அவ்வழியே வந்த ரயில் கவிழ்ந்து ஓட்டுநர் உயிரிழந்தார். கைவிடப்பட்ட கால்வாய்களில் இத்தகைய உடைப்பு நேர்ந்தால் பெரும்பாலும் அதுவே முடிவாக அமையும்; இங்கே உடைப்பு அடைக்கப்பட்டது. 1950-களில் செஷயர் பகுதிக் குடிநீர் வாரியத்துடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, டீ ஆற்று நீரை ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால் என்ற தகுதியில் இது நிலைபெற்றது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கோடி காலன், அதாவது 5.5 கோடி லிட்டர் அளவில் நீர் இதன் வழியே செல்கிறது. குடிநீருக்காகப் பேணப்பட்ட வாய்க்காலில் உல்லாசப் படகுகளும் ஓடத் தொடங்கிய கதையே லங்கோத்லன் கால்வாயின் பிற்கால வரலாறு என்று கூறலாம்.

இதன் விளைவைப் பயணி முதல் நாளிலேயே உணர்வார். ஏனைய கால்வாய்களில் நீர் பெரும்பாலும் தேங்கி நிற்க, இங்கு மேற்கிலிருந்து கிழக்கே இடையறாத ஓட்டம் உண்டு. எனவே லங்கோத்லனை நோக்கிச் செல்லும் படகு எதிர்நீச்சலிடுகிறது, திரும்பும் படகு தள்ளப்படுகிறது. மேற்குமுகப் பயணத்துக்குக் கூடுதல் நேரம் ஒதுக்காமல் இரவுத் துறைகளைக் கணக்கிடுவதே இக்கால்வாயில் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை.

துறையும் விதியும்

இக்கால்வாயில் ஓடுவது ஏறத்தாழ 7 அடி அகலமும், சில வேளைகளில் 70 அடி வரை நீளமும் கொண்ட நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகு. ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் படகை நிறுத்த ஒப்பந்தம் பெற்ற இடத்தை நிலைத்துறை என்றும், வழிச்செல்வோர் குறுகிய காலம் படகைக் கட்டிச்செல்ல ஒதுக்கப்பட்ட இடத்தைத் தங்குதுறை என்றும் இந்நூல் குறிப்பிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்களை 2012 முதல் நிருவகித்துவரும் கனால் அண்டு ரிவர் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையே இங்கும் பொறுப்பாளர்; அதன் வேல்ஸ் பிரிவு கிளாண்டூர் கம்ரி என்ற பெயரில் இயங்குகிறது. வேறு அறிவிப்பு இல்லாத கரையில், அதாவது முற்காலத்தில் குதிரைகள் படகை இழுத்து நடந்த இழுவைப் பாதையின் பக்கத்தில், பொதுவாக 14 நாள் வரை படகு நிற்கலாம். தங்குதுறைகளிலோ 24 மணி அல்லது 48 மணி நேரம் போன்ற குறுகிய வரம்பைப் பலகை அறிவிக்கும். அச்சிட்ட நூல் எதுவானாலும், இந்நூல் உட்பட, அந்தப் பலகைக்கு அடுத்தபடியே மதிக்கத்தக்கது. எதிர்க்கரை பெரும்பாலும் தனியார் நிலமாகையால், அங்கே படகைக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

நீர்ப்பூட்டு என்பது, இருபுறமும் கதவுகளைக் கொண்டு, உள்ளே நீரை நிரப்பியும் வடித்தும் படகை மேல்மட்டத்துக்கோ கீழ்மட்டத்துக்கோ கொண்டுசெல்லும் கல்தொட்டி. அதன் வாயிலில் உள்ள காத்திருப்புத் துறைகள் பூட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் படகுகளுக்கு மட்டும் உரியவை. அவ்வாறே குடிநீர்க் குழாயருகிலும், திருப்பிடத்திலும் (நீளமான படகு முகம் திரும்புவதற்காகக் கரையைக் குடைந்து அகலப்படுத்திய இடத்திலும்), பாலங்களின் அடியிலும், வளைவுகளிலும் படகைக் கட்டலாகாது. நிற்கும் படகுகளைக் கடக்கையில் வேகத்தைத் தணிக்க வேண்டும் என்பது மரியாதை மட்டுமன்று. கடந்துசெல்லும் படகு நீரை முன்னும் பின்னும் இழுப்பதால், கரையில் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 4 மைல். ஆழம் குறைந்த இந்நீரில் அதுவே பல இடங்களில் எட்ட முடியாத வேகம்.

படகைக் கட்டும் முறையிலும் ஓட்டத்தைக் கருத வேண்டும். மேற்கு நோக்கி நிற்கும் படகுக்கு முதலில் முகப்புக் கயிற்றையும், கிழக்கு நோக்கி நிற்கும் படகுக்கு முதலில் பின்கயிற்றையும் இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், நீர் படகின் முனையைப் பிடித்துத் தள்ளி, படகு கால்வாயின் குறுக்கே விழுந்துவிடும். கரையில் இரும்பு வளையம் இருந்தால் கயிற்றை அதனுள் விட்டுப் படகுக்கே திரும்பக் கொண்டுவந்து கட்டலாம். நெளிந்த எஃகுத் தகடுகளால் அணைகட்டிய கரையாயின், தகட்டுக்கும் அதன் மேற்சட்டத்துக்கும் இடையே உள்ள இடுக்கில் கொக்கியைச் செருகிக் கயிற்றைப் பிணைப்பதே வழக்கம். முளை அடிப்பதைவிட அது உறுதியானது. வெறும் மண்கரையில் முளைகளைப் படகுக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடித்து, நடப்போர் தடுக்கி விழாமலிருக்க அவற்றின் தலையில் வெள்ளைத் துணியோ பையோ கட்டிவிட வேண்டும்.

ஹர்ல்ஸ்டன் முதல் விட்சர்ச் வரை

முழுக் கால்வாயிலும் உள்ள 21 நீர்ப்பூட்டுகளில் 19 இப்பகுதியிலேயே அமைந்திருப்பதால், இது பார்ப்பதற்கு உரிய பகுதி என்பதைவிட உழைப்புக்கு உரிய பகுதி எனல் பொருந்தும். ஹர்ல்ஸ்டனில் நான்கு பூட்டுகளைக் கடந்து ஏறியபின், கைச்சுழற்றி கொண்டோ விசையாலோ உயர்த்தப்படும் தூக்குப்பாலங்கள் குறுக்கிடத் தொடங்கும். பூட்டுகளுக்குக் கீழே நுழைகையில் கவனம் வேண்டும்: மிகுநீர் பூட்டின் பக்கவாட்டுக் கலிங்கு வழியே வேகமாக வந்து விழுவதால், நேராக வரும் படகின் முகப்பு கடைசி நொடியில் மறுபக்கச் சுவரில் மோதும். கலிங்கின் வாயை நெருங்கும்போது அதற்கு எதிராகச் சிறிது திருப்பிவைத்து, வேகம் குன்றாமல் நுழைவதே பழகியவர்கள் கையாளும் முறை.

ரென்பரி சிற்றூரில், சாலைப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் படகோட்டியே சாவியிட்டு இயக்கும் மின்விசைத் தூக்குப்பாலம் உண்டு. ஊரின் பசும்புல்வெளியைச் சூழ்ந்த தேவாலயமும் வீடுகளும், ரயில் நிலையமும் நடை தூரத்தில் உள்ளன. முதல் இரவுக்கு இது ஏற்ற இடம். சற்று மேற்கே மார்பரியில், ஏரிக்கரை மேட்டில் நிற்கும் தேவாலயத்தின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கிறது.

கிரிண்ட்லி புரூக்கில் மூன்று தனிப் பூட்டுகளுக்கு மேல், ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்கதவாக அமைந்த மூன்று பூட்டுகளின் படிக்கட்டு இருக்கிறது. படகுப் பருவத்தில் பணியாளர் நின்று வரிசைப்படி படகுகளை ஏற்றி இறக்குவதாலும், மாலையில் பணி நேரம் முடிந்துவிடுவதாலும், பிற்பகலில் இங்கு வந்துசேர்வோர் அன்றே ஏறிவிடலாம் என்று எண்ணிக் கடைசித் துறையைத் தவறவிட்டுவிடக் கூடாது. ஃபிராட்சமிலிருந்து விட்சர்ச்சுக்கு 34 மைல் செல்லும் மணற்கல் நடைவழி இவ்விடத்தைத் தொட்டுச் செல்கிறது. அடுத்து, ஒரு தூக்குப்பாலத்தருகே இடப்பக்கம் பிரியும் விட்சர்ச் கிளைக்கால்வாய், நெடுங்காலம் தூர்ந்து கிடந்து 1993-இல் மீண்டும் திறக்கப்பட்டது. குறுகிய அக்கிளை முழுவதுமே அமைதியான தங்குதுறை. அங்கிருந்து நகருக்கு ஏறத்தாழ ஒரு மைல் நடை. 1690-இல் தொடங்கி உலகின் பல நகரங்களுக்குக் கோபுரக் கடிகாரங்கள் செய்து அனுப்பிய ஜாய்ஸ் குடும்பத்தாரின் தொழிலகம் நிலைகொண்ட நகரம் இது.

சேற்றின் மேல் மிதக்கும் கரை

விக்சால் மாஸ் என்னும் சதுப்பில் கால்வாய் ஏறத்தாழ நேர்க்கோடாகச் செல்கிறது. மழைநீரை மட்டுமே நம்பி வளர்ந்த பாசி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவான பீட் என்னும் கருஞ்சேற்று நிலம் இது. பிரிட்டனின் தாழ்நிலச் சதுப்புகளில் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டு, ஃபென், பெட்டிஸ்ஃபீல்டு சதுப்புகளோடு சேர்ந்து தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டுள்ளது. சேறு வற்ற வற்ற நிலம் தாழ்ந்துகொண்டே போக, கால்வாயின் கரையும் அதனோடு தாழ்ந்தது. அதனால் 1804 முதல் 1960-கள் வரை, களிமண்ணை ஓயாமல் கொட்டிக் கரையை உயர்த்துவதையே தொழிலாகக் கொண்ட ஒரு தொழிலாளர் குழு இங்கு நிலையாகப் பணியாற்றிவந்தது. பின்னர் எஃகுத் தகடுகள் இறக்கப்பட்ட பிறகே அவ்வேலை ஓய்ந்தது. கால்வாய்களின் வரலாற்றில் பாலம் கட்டியவர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்குச் சேறு சுமந்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை என்பதை விக்சாலில் நிற்கையில் நினைக்காமலிருக்க இயலாது.

இப்பகுதியில் படகைக் கட்டுவோர் சதுப்பின் குறியிட்ட நடைபாதைகளை விட்டு விலகலாகாது. பழைய பீட் வெட்டுக்குழிகள் பாசியால் மூடப்பட்டுப் புல்தரைபோல் தோன்றும். பூச்சிகளைப் பிடித்துண்ணும் பனித்துளிச் செடியையும், வெண்முகத் தும்பியையும், வெயில் காயும் விரியன் பாம்பையும் இங்கே காணலாம். கடையோ உணவகமோ அருகில் இல்லாததால், தேவையான பொருட்களை விட்சர்ச்சிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எல்ஸ்மியரை நெருங்குகையில் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. பனியுகத்தின் முடிவில், உருகாமல் எஞ்சிப் புதையுண்ட பனிப்பாறைகள் பின்னர் உருகிய பள்ளங்களில் நீர் நிரம்பி உருவான ஏரிகள் இவ்வட்டாரத்தில் பல. அவற்றுள் கோல் மியரும் பிளேக் மியரும் கால்வாய்க்கு அடுத்தாற்போலவே கிடக்கின்றன. பிளேக் மியரில், இழுவைப் பாதையின் ஒருபுறம் கால்வாயும் மறுபுறம் ஏரியுமாக, இரண்டையும் பிரிப்பது மரங்கள் அடர்ந்த ஒரு மெல்லிய கரையே. முழுக் கால்வாயிலும் அழகான இரவுத் துறை எது என்று கேட்டால், மலைப்பகுதியின் துறைகளையெல்லாம் விட்டுவிட்டு இதனையே சுட்டலாம். மரவேர்கள் நீருக்குள் நீண்டிருப்பதால் கரையை ஒட்டும்போது மெதுவாக வர வேண்டும். வெயில் விழாத இடமாகையால், சூரியத் தகடுகளை நம்பியிருக்கும் படகுகள் நீண்ட நாள் இங்கே நிற்க இயலாது.

பிளேக் மியருக்கு அடுத்து 87 கஜம் (80 மீட்டர்) நீளமுள்ள சிறிய சுரங்கத்தைக் கடந்தால், எல்ஸ்மியர் நகருக்குள் செல்லும் கால் மைல் நீளக் கிளைக்கால்வாய் வலப்பக்கம் பிரிகிறது. அதன் இருகரையும் தங்குதுறையே. முனையில் பழைய சரக்குக் கிடங்கும், அருகிலேயே பேரங்காடியும் இருப்பதால், ஒரு வாரப் பயணத்தில் அரிசி, பால், காய்கறி என்று நிரப்பிக்கொள்ள இதைவிட வசதியான இடம் வேறில்லை. அதனாலேயே வார இறுதிகளில் நண்பகலுக்குள் இது நிறைந்துவிடும். கிளை பிரியும் இடத்தில் எல்ஸ்மியர் கால்வாய் நிறுவனத்தின் பழைய தலைமை அலுவலகமான பீச் ஹவுஸும், பராமரிப்புப் பட்டறைகளும் நிற்கின்றன. முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியால் வாடிய எதிரி நாட்டுக் குழந்தைகளுக்கும் உணவளிக்க வேண்டும் என்று வாதிட்டு, 1919-இல் குழந்தைகளைக் காப்போம் என்னும் நிதியத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான எக்லன்டைன் ஜெப் 1876-இல் பிறந்தது இவ்வூரில்தான்.

எல்ஸ்மியருக்கு மேற்கே ஃபிராங்க்டன் சந்தியில் மான்ட்கமரி கால்வாய் இடப்பக்கம் இறங்குகிறது. 1936-இல் கரையுடைந்து கைவிடப்பட்டு, இன்றுவரை பகுதி பகுதியாக மீட்கப்பட்டுவரும் அக்கால்வாய்க்குள் செல்ல முன்பதிவு கட்டாயம். நேரே செல்வோர் நியூ மார்ட்டனில் கடைசி இரண்டு பூட்டுகளைக் கடந்தால், அதன்பின் லங்கோத்லன் வரை ஒரே மட்டம்.

சர்க்கும் இரண்டு தொட்டிப்பாலங்களும்

கிளெட்ரிட் முதல் டீ ஆற்று அணை வரையுள்ள 11 மைல் (18 கிலோமீட்டர்) நீளமும் 2009-இல் உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. பூட்டு ஒன்றும் இல்லாமல் இத்தொலைவு முழுவதையும் ஒரே மட்டத்தில் கொண்டுசென்றதே அதன் பொறியியல் சிறப்பு. அதற்காகப் பள்ளத்தாக்குகளைத் தொட்டிப்பாலங்களாலும், குன்றுகளைச் சுரங்கங்களாலும் கடக்க நேர்ந்தது. தொட்டிப்பாலம் என்பது தூண்களின் மேல் நீரைச் சுமந்துசெல்லும் பாலம். குமரி மாவட்டத்து மாத்தூரில் உள்ளதைப் பார்த்தவர்கள் அதனையே படகு செல்லும் அளவுக்கு ஆழமும் உறுதியும் கொண்டதாக எண்ணிக்கொள்ளலாம்.

1801-இல் முடிந்த சர்க் தொட்டிப்பாலம் பத்துக் கல்வளைவுகளின் மேல், கெய்ரியோக் ஆற்றுக்கு 70 அடி (21 மீட்டர்) உயரத்தில் செல்கிறது. கல்சுவர்களுக்கு இடையே வாய்க்காலின் அடித்தளமாக வார்ப்பிரும்புத் தகடுகள் பதிக்கப்பட்டன. இதற்கு இணையாக, இதனினும் உயரமாக நிற்கும் ரயில் பாலம் 1848-இல் எழுந்தது. பாலத்தின் தென்முனையில் இங்கிலாந்து, வடமுனையில் வேல்ஸ். அதைத் தாண்டியதும் 459 கஜம் (420 மீட்டர்) நீளமுள்ள சர்க் சுரங்கம் தொடங்குகிறது. அது நேரானது, ஆனால் ஒரு படகுக்கே இடமுள்ளது. எதிரே விளக்கு வெளிச்சம் தெரிந்தால் வாயிலிலேயே காத்திருக்க வேண்டும். சுரங்கத்தின் குறுகிய வாயைப் படகே ஏறத்தாழ அடைத்துவிடுவதால், எதிர்வரும் நீர் படகின் அடியிலும் பக்கங்களிலும் பிதுங்கிச் செல்கிறது. அப்போது எஞ்சினை முடுக்கினால் படகு விரைவதில்லை, பின்பக்கம் தாழ்ந்து தரையைத் தட்டும். பொறுமையாக ஊர்வதே வழி.

சுரங்கத்துக்கு வடக்கே, மரங்கள் கவிந்த வெட்டுவாய்க்காலில் உள்ள துறையில் கட்டினால், சர்க் ரயில் நிலையம் மிக அருகில். ஷ்ரூஸ்பரி, செஸ்டர் நகரங்களுக்கு இங்கிருந்து ரயில் உண்டு என்பதால், பயணத்தின் நடுவே வந்துசேரும் விருந்தினரை ஏற்றிக்கொள்ள இதுவே ஏற்ற இடம். 1310 அளவில் ரோஜர் மார்ட்டிமர் கட்டி முடித்ததும், 1595 முதல் மிடில்டன் குடும்பத்தார் வாழ்ந்துவந்ததுமான சர்க் கோட்டையை இப்போது தேசிய அறக்கட்டளை பேணுகிறது. இத்துறையிலிருந்து நடந்தே சென்று வரலாம். துறையைப் பொறுத்தவரை, ஈரமும் நிழலும் மிகுந்த இடம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வைட்ஹவுஸஸ் என்னும் மற்றொரு சிறு சுரங்கத்தைக் கடந்து ஃபிரான்கசுல்டே ஊரை அடைந்தால், டீ பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். இங்கே தூக்குப்பாலத்துக்கு முன்னே உள்ள தங்குதுறையில் நின்று, பழைய சுண்ணாம்புக் காளவாய்களைப் பார்த்துவிட்டு, பொன்ட்கசுல்டே தொட்டிப்பாலத்தை முதலில் கால்நடையாகக் கடந்துவருவது நல்லது. படகில் போகும்போது அதன் அமைப்பைக் கவனிக்க மனம் ஓய்வாக இராது.

1795 ஜூலை 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 1805 நவம்பர் 26 அன்று திறக்கப்பட்ட இப்பாலம் 1,007 அடி (307 மீட்டர்) நீளமும், ஆற்றிலிருந்து 126 அடி (38 மீட்டர்) உயரமும் உடையது. 18 கல்தூண்கள் 19 இரும்பு வளைவுகளைத் தாங்க, அவற்றின் மேல் வில்லியம் ஹேஸில்டைனின் வார்ப்பாலையில் வார்த்த தகடுகளை முடுக்கிச் செய்த நீர்த்தொட்டி அமர்ந்திருக்கிறது. தூண்களின் மேற்பகுதியை உள்ளீடற்றதாகக் கட்டியதால் எடை குறைந்தது. கல்லுக்குப் பதில் இரும்புத் தொட்டி என்று துணிந்ததால் களிமண் பூசிய கனத்த படுகை தேவைப்படவில்லை. மொத்தச் செலவு ஏறத்தாழ 47,000 பவுண்டு. தொட்டியின் அகலம் ஏறத்தாழ 12 அடியாயினும், இழுவைப் பாதையை நீருக்கு மேலேயே தூக்கிக் கட்டியிருப்பதால், படகு தள்ளும் நீர் பாதையின் அடியில் புகுந்து பின்னே செல்ல வழி கிடைக்கிறது. சர்க் பாலத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளில் கிடைத்த அனுபவம் இவ்வமைப்பில் தெரிகிறது.

நடைபாதைப் பக்கம் இரும்புக் கைப்பிடி உண்டு. மறுபக்கம் எதுவும் இல்லை. நீர்மட்டத்துக்கு மேல் சில அங்குலமே உயர்ந்த தொட்டியின் விளிம்போடு அப்பக்கம் முடிந்துவிடுகிறது; படகில் நிற்பவருக்கு அதற்கப்பால் வெறுவெளிதான். சிறுவர்களைப் படகின் உள்ளே அமரவைப்பதும், மேற்கூரையில் ஒருவரும் ஏறாமலிருப்பதும் இங்கே தவறாது பின்பற்ற வேண்டியவை. உயரம் கண்டு தலைசுற்றுவோர் கைப்பிடி உள்ள பாதையில் நடந்து கடக்கலாம். எதிரே படகு வந்துகொண்டிருந்தால், பாலத்துக்குள் நுழையாமல் காத்திருக்க வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள அடைப்பைத் திறந்து நீரை ஆற்றில் வடித்துவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்புறம் சோதிக்கப்படுகிறது.

பாலத்தின் வடமுனையில் உள்ள டிரெவர் படகுக்குளம், செஸ்டருக்குச் செல்ல வேண்டிய பெருவழி நின்றுபோன இடம். வாடகைப் படகுகளும் நாள்பயணிகளும் நெருக்கும் இங்கே தங்குவதைவிட, ஃபிரான்கசுல்டேயில் தங்கி நடந்துவருவதே அறிவுடைமை.

லங்கோத்லனும் அதற்கு மேலும்

டிரெவரில் இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்பியதும் ஊட்டுவாய்க்கால் தொடங்குகிறது. 1980-களில் நேர்ந்த கசிவுகளுக்குப் பிறகு இதன் பெரும்பகுதி கான்கிரீட் தொட்டியாக மாற்றியமைக்கப்பட்டது. லங்கோத்லனை நெருங்குகையில் இரு படகுகள் விலக முடியாத குறுகிய பகுதிகள் சில உள்ளன. அவற்றில் நுழையுமுன் ஒருவர் கரையிறங்கி முன்னே நடந்து, எதிரே படகு இல்லை என்று கண்டு சைகை காட்ட வேண்டும். இவ்விடங்களில் படகைக் கட்டுவது விதிப்படியும் குற்றம், பிறருக்கும் பெருந்தொல்லை. நகரை அடைவதற்குள் இருட்டிவிடும் என்று தோன்றினால், டிரெவருக்கும் குறுகிய பகுதிக்கும் இடையிலேயே ஒரு துறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லங்கோத்லனில் கரையோரத் துறையும், சற்று மேலே ஒரு படகுக்குளமும் தங்குவோருக்கு உரியவை. குளத்தில் மின்சாரமும் குடிநீரும் உண்டு, கட்டணமும் உண்டு. கட்டணமும் தங்கும் வரம்பும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுமுன் அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசைப்படகுகளுக்கு இக்குளமே எல்லை. அதற்கு மேல் செல்பவை, 1884 முதல் இந்நகரின் துறையிலிருந்து இயங்கிவரும் குதிரை இழுக்கும் உல்லாசப் படகுகள் மட்டுமே. குளத்திலிருந்து டீ ஆற்றோரமாக ஏறத்தாழ இரண்டு மைல் நடந்தால், ஆற்றின் குறுக்கே வளைந்து கிடக்கும் 460 அடி நீளக் குதிரைலாட அணையை அடையலாம். அருவி என்று பெயர்பெற்றிருந்தாலும் அது டெல்ஃபோர்டு அமைத்த தாழ்ந்த அணையே. அங்கே நீரை அளந்து கால்வாய்க்குள் விடும் சிறு கட்டடமும் உண்டு. அருகிலுள்ள லான்டசிலியோ தேவாலயத்தில் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1886-இல் வழிபட்டதைக் குறிக்கும் பட்டயம் இருக்கிறது.

நகரைச் சுற்றிக் காண ஒரு முழுநாள் வேண்டும். அயர்லாந்திலிருந்து வந்த எலனர் பட்லர், சாரா பொன்சன்பி என்னும் இரு பெண்மணிகள் 1780 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்து, வேர்ட்ஸ்வொர்த், வால்டர் ஸ்காட் முதலியோரை விருந்தினராக வரவேற்ற பிளாஸ் நியூவித் இல்லம் ஊரின் ஒருபுறம். கால்வாய்க்கு மேலே செங்குத்தான குன்றில் தினாஸ் பிரான் கோட்டையின் இடிபாடுகள் மறுபுறம். வடக்கே 1201-இல் நிறுவப்பட்ட வாலி குருசிஸ் மடாலயமும், அதற்கு அப்பால் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த எலிசெக் தூணும் நிற்கின்றன. 1965-இல் பயணியர் ரயில் நிறுத்தப்பட்ட தடத்தில், ஆர்வலர்கள் மீட்டெடுத்த பாரம்பரிய ரயில் இப்போது டீ ஆற்றின் வழியே கார்வென் வரை செல்கிறது.

1947 முதல் ஜூலையில் நடந்துவரும் பன்னாட்டு இசைவிழாவின்போது, நகரின் துறைகளில் இடம் கிடைப்பது அரிது. குறுகிய வாய்க்காலில் வரிசையும் நீளும். பள்ளி விடுமுறை நாட்களிலும் நிலை ஏறத்தாழ இதுவே. எனவே, இசைக்காக வருவோர் அல்லாத பிறர் மே மாதத்தையோ செப்டம்பரையோ தேர்ந்தெடுப்பதும், ஒரு வாரமே கையிலிருப்போர் ஹர்ல்ஸ்டனிலிருந்து தொடங்காமல் எல்ஸ்மியரிலோ சர்க்கிலோ படகு வாடகைக்கு எடுப்பதும், எவராயினும் புறப்படும் முந்தைய நாள் கரையுடைப்பு, பழுதுபார்ப்பு பற்றிய அடைப்பு அறிவிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்புவதும் வேண்டும். இருநூறு ஆண்டு பழைய மண்கரையில் ஓரிடத்தில் நேரும் அடைப்பு, மாற்றுவழி இல்லாத இக்கால்வாயில் மாதக்கணக்கில் படகுகளை நிறுத்திவிடக் கூடும்.